முன் சீட்டு மாப்பிள்ளை

முதலில் சீட் பெல்ட்டை இழுத்துச் சட்டியின் வயிற்றைச் சுற்றிப் போடுகிறார். 'டக்' என்று மாட்டியதும் ஒருமுறை அசைத்துப் பார்க்கிறார். மூடியின் இரண்டு பக்கத்துக் கொக்கிகளையும் கட்டைவிரலால் அழுத்துகிறார். பிறகு ஒரு பழைய துண்டை எடுத்து, காய்ச்சல்காரருக்குப் போர்த்துவதுபோலக் கழுத்துவரை இழுத்துவிட்டு, "உக்காருங்க மாப்பிள்ள, போலாம்" என்கிறார். அதற்கப்புறம்தான் உமாதேவி தன்னுடைய பெல்ட்டைப் போட்டுக்கொள்கிறார்.

மாப்பிள்ளை என்பது ஒரு ஸ்லோ குக்கர்; கரண்டில் நாளெல்லாம் மெதுவாக வேகவைக்கிற சட்டி. வெள்ளை வயிறு, கண்ணாடி மூடி, நெற்றியில் ஒரு சிவப்பு விளக்கு. கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளிலிருந்து பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி, பிரிஞ்சாங் வழியாகத் தானா ராத்தாவுக்குக் கொண்டுபோகிற வேனில் அதற்கு முன் சீட்டு நிரந்தரம். ஏன் அந்தப் பெயர் என்று நான் கேட்டபோது உமாதேவி கியரை மாற்றிக்கொண்டே சொன்னார்: "ஒரு வேல செய்யாது டீச்சர். உக்காந்த எடத்துலயே உக்காந்து சூடாவும். ஆடாம அசையாம நாமதான் பாத்துக்கணும். கடைசில எல்லாரும் அதத்தான் பாராட்டுவாங்க. வேற என்னா பேரு வைக்கிறது?"

நான் அந்த வேனில் ஏறியதற்குக் காரணம் என் கார். பிரிஞ்சாங்கில் பட்டறை வைத்திருக்கும் காளியண்ணன் அதன் முன்மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, ஈப்போவிலிருந்து ஒரு சாமான் வரவேண்டும் என்றார். அந்தச் சாமான் நடந்தே வந்திருக்கும் போலிருக்கிறது. அந்தப் பள்ளித் தவணையில் பெரும்பாலும் நான் உமாதேவியின் வேனில்தான் பள்ளிக்குப் போனேன். முதல் நாள், ஆசிரியைக்கு மரியாதையாக முன் சீட்டு கிடைக்கும் என்று நினைத்துக் கதவைத் திறந்தேன். "பின்னால ஏறிக்குங்க டீச்சர். முன்ன ஆளு இருக்கு" என்றார். எட்டிப் பார்த்தேன். ஆள் துண்டு போர்த்திக்கொண்டு ஆவி விட்டுக்கொண்டிருந்தார்.

உமாதேவிக்கு நாற்பத்தைந்து தாண்டியிருக்கும். குள்ளமான, உருண்ட உடம்பு. ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர், கால்சட்டையாக ஒரு சிலுவார், காலில் சப்பாத்து, தலையில் மகன் வேண்டாமென்று தூக்கிப்போட்ட கால்பந்துக் குழுவின் குல்லா. அவர் ஹாரன் அடித்து நான் கேட்டதில்லை. கண்ணாடியை இறக்கி, "தம்பீ!" என்று ஒரு குரல் கொடுத்தால், பனிமூட்டத்துக்குள் முன்னால் போகும் காய்கறி லாரி தானாக ஓரம் கட்டுகிறது. சாலையைப் பார்த்து ஓட்டுகிறாரா, கண்ணாடியைப் பார்த்து ஓட்டுகிறாரா என்பது எனக்கு இன்றுவரை சந்தேகம். "பின்னால யாரு பசியாறாம வந்தது? மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. டின்னுல ரொட்டி இருக்கு, எடு" என்பார், திரும்பாமலே.

இன்னொரு விசித்திரமும் உண்டு. நேரத்தை அவர் கடிகாரத்தில் பார்ப்பதில்லை. பள்ளிக்கு வந்து சேர்கிறபோது வெங்காயம் கரைந்திருக்கும். மத்தியானப் பிள்ளைகளை ஏற்றும்போது கறி எலும்பை விடத் தொடங்கும். கணவர் தொலைபேசியில் கூப்பிட்டு, "எங்க இருக்க?" என்று கேட்டால், "உருளக்கெழங்கு இன்னும் வேகல" என்று பதில் சொல்வார். அவருக்கும் அது புரியும்.

சட்டி வந்தது மகள் சாரதா மூலமாக. ஸ்ட்ராபெரி தோட்டத்துக் கடையில் கல்லாவில் நிற்கிற பெண். கடையின் ஆண்டு விருந்துக் குலுக்கலில் அவள் பெயருக்கு விழுந்தது. அதுவரைக்கும் அந்த வீட்டில் இரவுச் சாப்பாடு என்று ஒன்று கிடையாது. ஆளுக்கொரு சாப்பாடு இருந்தது. கணவர் கோகிலன் தேயிலை வெட்டும் இயந்திரத்தைச் சுமந்து நாளெல்லாம் சரிவில் ஏறி இறங்கிவிட்டு வந்து, ரொட்டியைத் தேநீரில் தோய்த்துத் தின்றுவிட்டுச் சாய்ந்துவிடுவார். மகன் ஹரிதாஸ் டியூஷன் முடிந்து வந்து மேகி கலக்கிக்கொண்டு அறைக்குள் போய்விடுவான். சாரதா கடையிலேயே எதையாவது கொறித்துவிட்டு வருவாள். கடைசிப் பிள்ளையை இறக்கிவிட்டு உமாதேவி வரும்போது அடுப்பு சில்லென்று கிடக்கும். "நாலு பேரும் ஒரே வீட்டுலதான் இருந்தோம் டீச்சர். ஒருத்தரு சோத்து மங்குல என்னா கெடக்குன்னு இன்னொருத்தருக்குத் தெரியாது."

சட்டி வந்த மறுநாள் காலை, கோழியை மசாலாவில் பிரட்டிப் போட்டு, வீட்டிலேயே சுவிட்சைத் தட்டிவிட்டுப் போனார். லயத்து வீடுகளின் கரண்டு சங்கதி அப்போது அவருக்கு நினைவில் இல்லை. அங்கே மழை தூறினால் கரண்டு போய்விடும். கேமரன் மலையில் தூறாத நாள் ஏது? சாயங்காலம் ஆசையாக மூடியைத் திறந்திருக்கிறார். "கோழி அப்பிடியே குளிச்சிட்டு உக்காந்திருந்துச்சு. 'என்னா, அதுக்குள்ள வந்துட்டியா'ங்கிற மாதிரி பாத்துச்சு."

அடுத்த முறை அதிசயமாகக் கரண்டு போகவில்லை. ஆனால் மத்தியானம் கோகிலன் வந்துவிட்டுப் போயிருந்தார். "உப்பு பாத்தேன்னாரு டீச்சர். உப்புப் பாக்க அரச் சட்டி வேணுமா?"

அப்புறம்தான் உமாதேவி சட்டியைத் தூக்கிக்கொண்டு காளியண்ணன் பட்டறைக்குப் போனார். காளியண்ணன் சிரித்து முடித்துவிட்டு, பின் சீட்டுக்கு அடியில் இன்னொரு பேட்டரி வைத்து, அதிலிருந்து வீட்டுக் கரண்டு மாதிரியே வருவதற்கு ஒரு பெட்டி மாட்டி, முன்பக்கம்வரை ஒயர் இழுத்துக் கொடுத்தார். மூடிக்குக் கொக்கி வைத்ததும் அவர்தான். "வேன்ல பாட்டுக்கு ஒயர் இழுத்திருக்கேன், டிவிக்கு இழுத்திருக்கேன். கொழம்புக்கு இழுக்கச் சொன்னது நீ ஒருத்திதாம்மா" என்றாராம்.

வேனுக்குள் வந்த பிறகு என்ன சமைப்பது என்பதைச் சாலை தீர்மானித்தது. கொண்டை ஊசி வளைவுகள் சாம்பாரை ஒத்துக்கொள்ளவில்லை. ஒருமுறை வைத்துப் பார்த்ததில், முதல் வளைவிலேயே பாதி சாம்பார் சீட்டுக்கும் மீதி கியர் பெட்டிக்கும் போனது. ரசத்தைப் பற்றி நினைத்துப் பார்க்கவும் கூடாது. ஆகவே கெட்டியாக நிற்பவை மட்டும்: கோழிப் பிரட்டல், ஆட்டுக்கறியும் உருளைக்கிழங்கும், கொண்டைக்கடலை, பருப்போடு முட்டைக்கோஸ். காய்கறிக்குக் குறைவில்லை. மத்தியானம் கோலா தெர்லா பக்கத்துப் பிள்ளைகளை இறக்கிவிடப் போகும்போது, அங்கே தோட்டம் வைத்திருக்கிறவர்கள் விலைபோகாத வளைந்த கேரட்டையும் இரண்டு கால் முளைத்த முள்ளங்கியையும் ஜன்னல் வழியாகப் போட்டுவிடுவார்கள். "கேரட்டு கோணலா இருந்தா என்னா? நான் என்னா அதுக்குக் கல்யாணமா பண்ணப் போறேன்?"

பள்ளி வாசலில் பிள்ளைகளைக் கூட்டிப்போக வரும் தாய்மார்கள் அவரை மொய்த்துக்கொள்வார்கள். மருத்துவமனைத் தாதி, வங்கியில் வேலை செய்கிறவர், பூத்தோட்டத்தில் கட்டுக் கட்டுகிறவர் என்று எல்லாருமே நேரமில்லாதவர்கள். உமாதேவி வேன் கதவில் சாய்ந்துகொண்டு பாடம் எடுப்பார். எதைச் சொன்னாலும் முதலில் "செனாங் லா" என்பார். சுலபம் என்பதற்கு இங்கே புழங்குகிற மலாய்ச் சொல் அது.

"செனாங் லா. ராத்திரியே கறியக் கழுவி, இஞ்சி பூண்டு, மசாலாத் தூளு, ஒரு கரண்டி தயிரு, எல்லாம் போட்டுப் பெரட்டி ஐஸ் பெட்டில வச்சிரு. காலைல வெங்காயத்த அடியில பரப்பு. கறிய மேல கொட்டு. தண்ணி ஊத்தாத, கறியே தண்ணி விடும். மூடு. அப்பறம் மறந்துரு."

"மறந்துட்டா அடிப்புடிக்காதாக்கா?" என்பார் தாதி.

"இந்தச் சட்டில மறக்குறதுதான் சமையலே. காரத்த மட்டும் கொறச்சுப் போடு. சாயங்காலம் வரைக்கும் உள்ள உக்காந்து அது வளந்துரும். கடலைன்னா ஊறப்போட்டு, அடுப்புல நல்லாக் கொதிக்க வச்சிட்டுத்தான் போடணும். கீரையக் கடைசில போடு. நடுவுல தெறந்து தெறந்து பாக்காத. மாப்பிள்ளைக்குக் கோவம் வரும்."

ஒருநாள் சாயங்காலம் என்னையும் வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனார். சட்டியை நடுவில் வைத்து நால்வரும் உட்கார்ந்தார்கள். ஸ்ட்ராபெரிச் செடியில் ஏன் முள் இல்லை என்று கேட்ட சுற்றுலாக்காரரைப் பற்றிச் சாரதா சொன்னாள். தேயிலைச் சரிவில் தேனீ துரத்தியதைக் கோகிலன் நடித்தே காட்டினார். பேசாத பையன் என்று நான் நினைத்திருந்த ஹரிதாஸ், வாயில் சோற்றோடு சிரித்துப் புரையேறினான். பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. உமாதேவி மட்டும் சாப்பிடாமல் ஒவ்வொரு மங்காக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார், வேன் கண்ணாடியில் பிள்ளைகளைப் பார்ப்பதுபோல.

இப்படிப் போய்க்கொண்டிருந்த காரியத்தைக் கருவாடு கெடுத்தது.

கோகிலனுக்கு ஆசையாக இருக்கிறதே என்று ஒரு புதன்கிழமை கருவாட்டையும் கத்தரிக்காயையும் போட்டுவிட்டார். அன்றைக்கென்று நல்ல மழை. ஜன்னல்களைத் திறக்க முடியவில்லை. சட்டிக்கு நேர் பின்னால் உட்காருகிறவள் பூவிழி. தொடக்கப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். அவளுக்கு அந்த இடம்தான் பிடிக்கும்; வேறு யாரும் உட்கார்ந்தால் சண்டை போடுவாள். பள்ளிக்கு வந்து சேர்ந்தபோது எங்கள் எல்லார் மேலும் கொஞ்சம் கொஞ்சம் கருவாடு இருந்தது. அவள் மேல் முழுக்க இருந்தது. இடைவேளைக்குள் வகுப்பில் யாரோ, "கருவாட்டுக் குட்டி" என்று பெயர் வைத்துவிட்டார்கள். பள்ளி விடுவதற்குள் அந்தப் பெயர் திடல் முழுக்க ஓடிவிட்டது. நான் அதட்டிப் பார்த்தேன். அதட்டியதில் அது இன்னும் சில பேருக்குத் தெரியவந்ததுதான் மிச்சம்.

மறுநாள் காலை பிரிஞ்சாங் அடுக்குமாடி வீட்டின் கீழே பூவிழியின் தாயார் விக்னேஸ்வரி நின்றுகொண்டிருந்தார். அங்கே ஒரு ஹோட்டலில் வரவேற்பு மேசையில் வேலை செய்கிறவர். மெரூன் கோட்டு, ஒரு முடி பிசகாத கொண்டை. கணவருக்குச் சிங்கப்பூரில் வேலை. மகளின் கையைப் பிடித்திருந்தார். ஏற்றிவிடுகிற பிடியாக அது இல்லை.

"உமாக்கா, ஒரு நிமிஷம்."

"என்னா விக்னேஸ்? ஏறச் சொல்லு, பனி அடிக்குது."

"அவ ஏற மாட்டா. நேத்து அழுதுக்கிட்டே இருந்தா. யூனிபார்மத் திரும்பத் திரும்பத் தொவச்சுட்டேன், போவல. கிளாஸ்ல கருவாடுன்னு கூப்புடுறாங்களாம். எம் புள்ளைய நான் அழுக்கா அனுப்புறேன்னுதானேக்கா நெனப்பாங்க?"

உமாதேவிக்குச் சிரிப்பு வந்தது, பாதியில் நின்றது. "ஆசைக்கு ஒரு நாளு போட்டுட்டேன்லா. இனிமே கருவாடு…"

"கருவாடு மட்டும் இல்லக்கா. தெனமும் ஒரு வாசன. இது ஸ்கூல் வேனா, சாப்பாட்டுக் கடையா? சட்டி இருந்தா அவ வர மாட்டா. நான் வேற வேன் பாத்துக்குறேன்."

உமாதேவி பதில் பேசினால் மலையே கேட்கும் என்று நான் காத்திருந்தேன். அவர் பெல்ட்டைக் கழற்றினார். தன்னுடையதை அல்ல, மாப்பிள்ளையினுடையதை. ஒயரைப் பிடுங்கி, துண்டோடு சேர்த்துத் தூக்கி, "டீச்சர், கொஞ்சம் புடிங்க" என்று என் மடியில் வைத்தார். பிறகு எல்லா ஜன்னல்களையும் திறந்துவிட்டு, "வாடா பூவு, ஏறு" என்றார்.

குளிரில் நடுங்கிக்கொண்டு, மடி மட்டும் வெந்துபோக, காளியண்ணன் பட்டறைவரை அதை நான் சுமந்தேன். அன்றைக்குக் கோழி மோட்டார் எண்ணெய்க்கு நடுவில் வெந்தது.

அதன் பிறகு சட்டி வீட்டில் கிடந்தது. சில நாள் கரண்டு கெடுத்தது, சில நாள் கோகிலனின் உப்புப் பரிசோதனை கெடுத்தது. பிறகு உமாதேவி அதைக் கழுவிக் கவிழ்த்துவிட்டார். ஹரிதாஸ் மறுபடி மேகியோடு அறைக்குள் போனான். சாரதா மறுபடி வெளியிலேயே முடித்துக்கொண்டு வந்தாள். ஒருநாள் பின் சீட்டுப் பயல்களில் ஒருவன் தன் புத்தகப் பையை முன் சீட்டில் வைத்து, பெல்ட் போட்டு, துண்டும் போர்த்திவிட்டான். வேனே சிரித்தது. "எடுடா" என்றார் உமாதேவி. குரல் உயரவில்லை. அதனாலேயே சிரிப்பு நின்றுவிட்டது. கணவர் கூப்பிட்டு எங்கே இருக்கிறாய் என்று கேட்டபோது, "கோலா தெர்லா" என்று வெறும் ஊர்ப்பெயரைச் சொன்னார்.

"ஒரு வார்த்தை எடுத்துச் சொல்லியிருக்கலாமே உமா?" என்று கேட்டேன். "கருவாட்டை நிறுத்தினால் போதுமே."

"புள்ள அழுதிருக்கு டீச்சர். அப்பறம் என்னா பேச்சு?" என்றார்.

ஒரு மத்தியானம், பிரிஞ்சாங் பக்கத்தில் பூவிழியும் நானும் மட்டும் வேனில் மிஞ்சியிருந்தோம். அவள் காலி சீட்டின் பின்புறத்தைச் சப்பாத்துக் காலால் தட்டிக்கொண்டே வந்தாள்.

"ஆன்ட்டி, மாப்பிள்ள எப்ப வருவாரு?"

"ஒனக்குத்தான் புடிக்கலயே?"

"அம்மாக்குத்தான் புடிக்கல. எனக்குப் புடிக்கும். கருவாடு மட்டும்தான் வேணாம்." தட்டுவதை நிறுத்திவிட்டுச் சொன்னாள்: "முன்னல்லாம் வீட்டுக்குப் போயி கைய மோந்து பாப்பேன்."

"எந்தக் கைய?"

ஸ்வெட்டர் கையை இழுத்து மூக்கில் வைத்துக் காட்டினாள். "இப்புடி. எங்க வீட்டுல வாசனையே வராது ஆன்ட்டி. அம்மா வந்தாத்தான் வரும். கடையில வாங்குன பொட்டலம் வாசன."

அடுக்குமாடியின் கீழே அவள் இறங்கி, கழுத்தில் கிடந்த சாவியைப் பிடித்துக்கொண்டு படியேறினாள். மேலே அவள் வீட்டு ஜன்னலில் விளக்கு எரிகிறவரைக்கும் உமாதேவி வேனை எடுக்கவில்லை. அடுத்த ஏற்றத்தில் கியர் மாட்டாமல் வேன் ஒருமுறை கனைத்தது. அவர் கையில் அது கனைத்து நான் அதற்கு முன் கேட்டதில்லை.

அந்தச் சனிக்கிழமை என் காரின் கதையை விசாரிக்கப் பட்டறைக்குப் போயிருந்தேன். உமாதேவி வந்தார். இடுப்பில் பிள்ளையை வைத்திருப்பதுபோல் மாப்பிள்ளையை வைத்திருந்தார்.

"ஒரு எடத்துக்கு வர்றீங்களா டீச்சர்? பேச வேணாம். கூட நின்னாப் போதும்."

விடுமுறை நாள். ஹோட்டல் வரவேற்பறையில் பெட்டிகளும், ஸ்ட்ராபெரி வடிவத் தலையணைகளை அணைத்த பிள்ளைகளும், சாலை ஜாமில் மணிக்கணக்காக நின்று ஏறிவந்த எரிச்சலோடு பெரியவர்களும் நிறைந்திருந்தார்கள். உமாதேவி யாரையும் இடித்துக்கொண்டு போகவில்லை. அறை எடுக்க வந்தவர்களின் வரிசையில் போய்ச் சட்டியோடு நின்றார். நான் அவருக்குப் பின்னால் நின்றேன். வரிசை நகர நகர அவரும் நகர்ந்தார். எங்கள் முறை வந்தபோது விக்னேஸ்வரி நிமிராமலே வரவேற்பு வாசகத்தைத் தொடங்கினார். மேசைமேல் 'டங்' என்று சட்டி உட்கார்ந்தது.

"உமாக்கா! இங்க எதுக்கு…?" பல்லிடுக்கில் கேட்டார். புன்னகை மட்டும் வேலை நேரத்துக்கு உரியபடி அப்படியே இருந்தது.

"ஒரு ஒதவி கேக்க வந்தேன்."

விக்னேஸ்வரி சட்டியைப் பார்த்தார், உமாதேவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். புன்னகை போய்விட்டது. "எனக்குச் சமைக்க நேரமில்லன்னு சொல்லிக் காட்ட வந்தீங்களா? டீச்சரையும் கூட்டிக்கிட்டு?"

"இல்லம்மா. எனக்குக் கரண்டு இல்லன்னு சொல்ல வந்தேன்."

பிறகு ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். லயத்தில் தூறினால் கரண்டு இருக்காது. இருந்தால் வீட்டுக்காரர் சட்டியை விட்டுவைக்கமாட்டார். "ஒன் வீட்டுல கரண்டு போறதே இல்ல. காலைல பூவிழிய ஏத்த வர்றப்ப சட்டிய ஒன் அடுப்படில வச்சிட்டுப் போறேன். நாளெல்லாம் அது பாட்டுக்கு வேவட்டும். டியூஷன் புள்ளைங்கள எறக்கிட்டு வந்து தூக்கிக்கிறேன். எடம் குடுக்குறதுக்கு ஒனக்குப் பாதி. என் வீட்டுல நாலு பேரு சாப்புடணும் விக்னேஸ். வேற வழி தெரியல."

பூவிழி ஸ்வெட்டர் கையை மோந்த கதையை அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அங்கேயே காரியம் முடிந்திருக்கும். நானும் சொல்லவில்லை; கூட நிற்கத்தானே வந்திருந்தேன்.

பின்னால் நின்ற விருந்தினர் ஒருவர் பொறுமையிழந்து எட்டிப் பார்த்து, அது விருந்தினருக்குக் கொடுக்கிற சூப்பா, தனக்கும் உண்டா என்று ஆங்கிலத்தில் கேட்டார். விக்னேஸ்வரி வாயைப் பொத்திக்கொண்டார். ஆனாலும் சிரிப்பு விரல்களுக்கிடையில் வெளியே வந்துவிட்டது. கொண்டையிலிருந்து ஒரு முடி பிரிந்தது.

"கருவாடு?" என்றார், கணினியைப் பார்த்துக்கொண்டே.

"சனிக்கெழம மட்டும். அன்னிக்குத்தான் ஸ்கூல் இல்லயே."

"யூனிபார்ம்?"

"வந்தவொடனே மாத்திட்டு உள்ரூம்ல மாட்டச் சொல்லு. கதவச் சாத்திட்டாப் போச்சு. செனாங் லா."

"சும்மா வாங்கிச் சாப்புட மாட்டேன்க்கா. வெங்காயம், பூண்டு எல்லாம் ராத்திரி நான் உரிச்சுத் தருவேன்."

"உரி தாயே. அந்த ஒரு வேலதான் எனக்கு ஆவாது."

திங்கட்கிழமையிலிருந்து மாப்பிள்ளை லயத்தில் பெல்ட் போட்டுக்கொண்டு கிளம்பி, பிரிஞ்சாங்கில் இறங்கிக்கொள்ளத் தொடங்கினார். வேன் பிள்ளைகள் கட்சி கட்டிக்கொண்டு முறையிட்டார்கள். பள்ளிவரைக்கும் வாசனை வரவில்லையாம். வகுப்பில் கருவாட்டுக் குட்டி என்ற பெயர் எப்போதோ செத்துவிட்டிருந்தது. யாரோ சிலுவார் கிழிந்து நின்றதில் பிள்ளைகளின் கவனம் அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. தன் சட்டி எதற்காக அடுத்தவர் வீட்டில் வேகவேண்டும் என்று கோகிலன் கேட்டிருக்கிறார். "நீங்க உப்புப் பாக்காம இருக்கத்தான்" என்று பதில் வந்திருக்கிறது. ஹரிதாஸ் அறையைவிட்டு வெளியே வந்து சாப்பிடுகிறான்.

பூவிழிக்கு ஒரே ஒரு கட்டளை: தொடக்கூடாது. அவள் தொடுவதில்லை. பள்ளி முடிந்து கதவைத் திறந்ததும் அந்த வீடு முழுக்க ஆட்டுக்கறியோ கொண்டைக்கடலையோ அவளுக்காகக் காத்துக்கொண்டிருக்கிறது. உடை மாற்றிக்கொண்டு, அடுப்படிக்கு எதிரே பாயைப் போட்டு, சிவப்பு விளக்கைப் பார்த்தபடி வீட்டுப்பாடம் எழுதுகிறாள். மறுநாள் வேனில் அறிக்கை வாசிக்கிறாள்: "நேத்து 'புளுக் புளுக்'னு பேசுனாரு ஆன்ட்டி. அப்பறம் மூடிக்கு வேர்த்துருச்சு."

என் காருக்கான சாமான் ஒருவழியாக வந்து சேர்ந்தது. ஆனாலும் சென்ற வாரம் ஒரு சாயங்காலம், வேண்டுமென்றே காரை விட்டுவிட்டு உமாதேவியோடு பிரிஞ்சாங் போனேன். விக்னேஸ்வரி அப்போதுதான் வேலையிலிருந்து வந்திருந்தார். கோட்டைக்கூடக் கழற்றவில்லை; உரித்த வெங்காயத்தைப் பெட்டியில் அள்ளிக்கொண்டிருந்தார். பூவிழி தட்டுகளை வைத்தாள். உமாதேவி கொக்கிகளை விடுவித்து மூடியைத் தூக்கினார். ஆவி கலைந்ததும் பங்கு பிரிக்க ஆரம்பித்தார். "ஒனக்கொரு எலும்பு, எனக்கொரு எலும்பு. ஒனக்கொரு கெழங்கு, எனக்கொரு கெழங்கு. இது சின்னக் கெழங்கு, கணக்குல இல்ல."

காலையிலிருந்து நின்று கால் வலித்த விக்னேஸ்வரியால் பங்கு முடிகிறவரை பொறுக்க முடியவில்லை. கணக்கில் இல்லாத கிழங்கை விரல்களால் எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, சூடு தாங்காமல் "ஸ்ஸ்" என்று குதித்தார். குழம்பு உதட்டோரத்தில் வழிந்து, தாடையில் இறங்கி, மெரூன் கோட்டின் கழுத்துப்பட்டியில் சொட்டியது. அதைக் குனிந்து பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். காலையில் அதே கோட்டைத்தான் போட்டுக்கொண்டு போகவேண்டும்.

உமாதேவி கரண்டியைக் கீழே வைத்தார். தன் ஸ்வெட்டர் கையைக் கட்டைவிரல் மறையும்படி இழுத்துவிட்டுக்கொண்டு, மற்றக் கையால் விக்னேஸ்வரியின் தாடையை நிமிர்த்திப் பிடித்து, முதலில் வாயையும் பிறகு கழுத்துப்பட்டியையும் துடைத்துவிட்டார்.